வெளியாள் யார்?

'நார்மா ரே' படத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்து முடித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. கட்டுரையாளர் பார்த்தது படத்தையா, படத்தில் வரும் மில் நிர்வாகத்தின் நோட்டீஸ் போர்டையா? நிம்மதியாகப் பிழைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்களை நியூயார்க்கிலிருந்து வந்த வெளியாள் ஒருவன் கெடுத்தான். ஒரு பெண் மேசைமேல் ஏறியதும் தறியெல்லாம் நிற்பது சினிமாத்தனம். சங்கம் வந்ததால்தான் அந்தப் பக்கத்து மில்கள் மூடின. அடைமொழிகளைக் கழித்துவிட்டால் கட்டுரையில் மிஞ்சுகிற சரக்கு இவ்வளவுதான்.

முதலில் அந்த 'நிம்மதி'. படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நார்மா ரேயின் அம்மாவுக்குத் தறிச் சத்தத்தில் காது அடைத்துப்போகிறது. மகள் பதறிக்கொண்டு மில் டாக்டரிடம் இழுத்துப் போனால், இதெல்லாம் வழக்கம், தானே சரியாகிவிடும் என்கிறார் அவர். பிறகு ஒருநாள் வேலைக்கு நடுவே அப்பாவுக்குக் கை மரத்துப்போகிறது. சூப்பர்வைசரிடம் சொல்கிறார். இடைவேளை வரட்டும் என்று பதில் வருகிறது. இடைவேளைக்கு முன்பே மனிதர் சரிந்து விழுந்து செத்துப்போகிறார். சங்கக்காரர் எவரும் சொல்லிக்கொடுத்து மரத்துப்போன கை அல்ல அது. படத்துக்கு வெளியிலும் இதே கதைதான். பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெட்டு மூச்சுக்குத் திணறியவர்கள் அந்த ஊர்களில் ஏராளம். தூசிக்கு வரம்பு கட்டி 1978இல் அமெரிக்க அரசு விதி கொண்டுவந்தபோது மில் முதலாளிகள் உச்ச நீதிமன்றம்வரை போய் எதிர்த்தார்கள், 1981இல் தோற்றார்கள். நிம்மதி யாருக்கு இருந்தது என்பதைக் கட்டுரையாளரே விளக்கட்டும்.

அடுத்தது வெளியாள். படத்தில் சங்கம் வைக்க வரும் ரூபன் நியூயார்க்காரர்தான், யூதர்தான். ஆனால் கதைக்கு மூலமான நிஜச் சம்பவத்தில், வட கரோலினாவின் ரோனோக் ரேப்பிட்ஸ் ஊருக்குச் சங்கம் வைக்க வந்த ஈலை ஜிவ்கோவிச், மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சரி, அவரும் வெளியூர்தான் என்றே வைத்துக்கொள்வோம். அந்த மில் யாருடையது? ஜே.பி. ஸ்டீவன்ஸ் கம்பெனி 1813இல் மாசசூசெட்ஸில் பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கூலி குறைவாகவும் சங்கம் இல்லாமலும் இருந்த தெற்கே தேடி வந்து, வடக்கிலிருந்த ஆலைகளை வரிசையாக மூடியது. தலைமை அலுவலகம் நியூயார்க்கில். லாபம் நியூயார்க்குக்குப் போகலாம், உத்தரவு நியூயார்க்கிலிருந்து வரலாம், சங்கத்துக்காக ஒருவர் வந்து கதவைத் தட்டினால் மட்டும் அந்நியர்! இந்த வாதம் நமக்கும் புதிதல்ல. 1918இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய பம்பாய்ப் பார்சிக்காரர் பி.பி. வாடியாவையும் வெளியாள் என்றுதான் சொன்னார்கள். சொன்னவர்கள் பின்னி மில்லின் வெள்ளைக்காரத் துரைகள்.

இப்போது அந்த மேசை. கட்டுரையாளர் இங்கேதான் அதிகம் சிரித்திருக்கிறார், அதிகம் வழுக்கியும் விழுந்திருக்கிறார். 1973இல் ஸ்டீவன்ஸ் மில்லில் மணிக்கு 2.65 டாலர் கூலிக்குத் துண்டு மடித்துக்கொண்டிருந்த கிரிஸ்டல் லீ சட்டன்தான் நிஜ நார்மா ரே. சங்கம் வந்தால் கறுப்பர்கள் கை ஓங்கிவிடும் என்று வெள்ளைத் தொழிலாளர்களைக் கிளறிவிடும் கடிதம் ஒன்றை நிர்வாகம் நோட்டீஸ் போர்டில் ஒட்டியது. அதை அவர் நகலெடுத்தார். வேலை போயிற்று. வெளியே தள்ளப்படுவதற்குமுன் ஒரு அட்டையில் 'யூனியன்' என்று எழுதி, மேசைமேல் ஏறி நின்று எல்லாத் திசைக்கும் திருப்பிக் காட்டினார். கூட இருந்தவர்கள் இயந்திரங்களை நிறுத்தினார்கள். போலீஸ் வந்து கொண்டுபோயிற்று. சினிமாத்தனம் என்று நண்பர் சொல்லும் இடம்தான் படத்தில் நிஜத்துக்கு மிக அருகே இருக்கும் இடம்.

நார்மா ரேயாக நடிக்கும் சாலி ஃபீல்டு வாய் திறக்காமல் அந்த அட்டையைப் பிடித்துச் சுற்றுவதையும், அதுவரை காதைக் கிழித்த தறிகள் ஒன்று, இன்னொன்று, பிறகு நாலைந்து என்று அடங்குவதையும் பார்த்துவிட்டு 'ஹீரோயிசம்' என்று எழுத ஒரு தனித் திறமை வேண்டும். இந்தக் கதாநாயகியின் வாயை அடைக்க நிர்வாகம் பதவி கொடுத்து, சக தொழிலாளிகளின் வேகத்தைக் கணக்கெடுக்கும் வேலையில் போட்டதும், அவர்கள் அவரைக் கருங்காலியாகப் பார்த்து முகம் திருப்பியதும், அவர் அந்தப் பதவியை உதறியதும் கட்டுரையாளர் கண்ணில் படவே இல்லை. தனியொருத்தி உலகத்தை வெல்லும் கதையில் இதற்கெல்லாம் என்ன வேலை?

படத்தின் மேல் நியாயமான குறை ஒன்று உண்டு; அது கட்டுரையாளருக்குத் தோன்றவில்லை. சங்கம் வேண்டுமென்று வாக்கு விழுந்ததோடு படம் முடிகிறது. நிஜத்தில் 1974 ஆகஸ்ட் 28இல் வாக்கெடுப்பில் ஜெயித்த தொழிலாளர்களுக்கு ஒப்பந்தம் கிடைத்தது 1980 அக்டோபரில். இடைப்பட்ட ஆறு ஆண்டு கம்பெனி இழுத்தடித்தது. நாடு முழுக்க அதன் துணிகளைப் புறக்கணிக்கும் இயக்கம் நடந்தது. கம்பெனியின் இயக்குநர் குழுவில் இருந்தவர்கள்மேலும் அதற்குப் பணம் கொடுத்தவர்கள்மேலும் நெருக்கடி போடப்பட்டது. அப்புறம்தான் கையெழுத்து. சட்டனை வேலைநீக்கியது தவறு என்று முடிவாகி, 1977இல் சம்பளப் பாக்கியோடு திரும்ப எடுத்துக்கொள்ள உத்தரவாயிற்று. அவர் இரண்டு நாள் வேலைக்குப் போய்விட்டு ராஜினாமா செய்தார். படம் மிகைப்படுத்தியது என்பது குற்றச்சாட்டு. உண்மையில் அது பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறது.

மிச்சமிருப்பது, சங்கம் மில்லைத் தின்றது என்ற பழைய பல்லவி. ஸ்டீவன்ஸ் கம்பெனி 1988இல் கைமாறிக் கூறுகூறாகப் பிரிந்தது. 1990களிலும் அடுத்த பத்தாண்டிலும் மெக்சிகோவுடனான வர்த்தக ஒப்பந்தமும், 2005 ஜனவரி 1இல் ஜவுளி இறக்குமதிக் கோட்டா முடிவுக்கு வந்ததும் சேர்ந்து கரோலினாவின் ஜவுளித் தொழிலைச் சுருட்டின. அமெரிக்காவிலேயே சங்கத்தில் சேர்ந்தவர்கள் மிகக் குறைவாக இருக்கும் மாநிலங்களில் வட கரோலினா ஒன்று. சங்கம்தான் காரணமென்றால் கடைசியாக மூட வேண்டிய மில்கள் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். கட்டுரையாளர் அடுத்த இதழில் மறுப்பு எழுதுவதாக இருந்தால், சங்கம் வாசலைக்கூட மிதிக்காத அந்த மில்கள் எதனால் மூடின என்பதிலிருந்து தொடங்கட்டும்.