நாலு கதவும் பச்சைப் பெயிண்டும்

ராணுவ வண்டி என்றால் நம் ஊரில் இரண்டு விஷயங்களைத்தான் பேசுவார்கள். ஒன்று நிறம், இன்னொன்று பலம். நிறத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். பலம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பது பெரும்பாலும் தப்பு. டாடா சஃபாரி ஸ்டார்மை ராணுவத்துக்கென்று மாற்றிக் கொடுத்தார்கள் அல்லவா, ஜிஎஸ் 800 என்று, அதை என் சர்வீஸின் கடைசிக் காலத்தில் லடாக்கில் ஓட்டினேன். அதற்கு முன்னால் எல்லாம் மாருதி ஜிப்ஸிதான். இரண்டின் ஸ்டீயரிங்கையும் பிடித்தவனாகச் சொல்கிறேன், ராணுவம் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டால் அதில் புதிதாக வைப்பதைவிடக் கழற்றுவதும் மறைப்பதும்தான் அதிகம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2017 ஏப்ரலில் 3,192 ஸ்டார்ம் வண்டிகளுக்கு ஒப்பந்தம் ஆனது. அதற்கு முன்பு பதினைந்து மாதம் நாட்டின் பலவகை நிலங்களில் ஓட்டிச் சோதித்தார்கள். ஜிஎஸ் என்பது பொதுப் பணி, 800 என்பது குறைந்தபட்சம் 800 கிலோ சுமை. மேலே இரும்புக் கூரை வேண்டும், ஏ.சி. வேண்டும் என்பதும் நிபந்தனை. ஜிப்ஸி 500 கிலோ வகுப்பு.

இந்த 300 கிலோ வித்தியாசம் காகிதத்தில் பெரிதாகத் தெரியாது. ஏற்றிப் பார்க்க வேண்டும். டிரைவர், பக்கத்தில் ஒரு சாப் (அதிகாரி), பின்னால் மூன்று ஜவான்கள், அவர்கள் ஆயுதம், ரேடியோ செட், அதற்கு பேட்டரிகள், படுக்கைச் சுருட்டுகள், இரண்டு நாள் ரேஷன், இருபது லிட்டர் ஜெர்ரிகேன்கள், சக்கரத்துக்குப் பனிச் சங்கிலி, மண்வெட்டி, இழுவைக் கயிறு. இவ்வளவும் ஏறியபின் வண்டி மலை ஏற வேண்டும். விளம்பரத்தில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து மணல்மேட்டில் பாய்கிறாரே, அந்த வண்டியும் இதுவும் ஒன்றல்ல.

கழற்றுவது என்றேன். முதலில் போவது பளபளப்பு. குரோமியம் இருக்காது, பெயிண்ட் மங்கலாக இருக்கும். நிலா வெளிச்சத்தில்கூட ஒரு பட்டை மின்னினால் எதிர் மலையில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும். களத்தில் வண்டியை நிறுத்தினால் முன் கண்ணாடிமேல் சாக்கைப் போட்டு மூடுவோம், சாக்கு இல்லாவிட்டால் சேற்றைப் பூசிவிடுவோம். அடுத்து விளக்கு. இருட்டில் கான்வாய் போகும்போது ஹெட்லைட் கிடையாது, கீற்றாக வெளிச்சம் விடும் சின்ன விளக்குதான். ராணுவ லாரியின் பின்னால் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? பின் அச்சின் நடுவே உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியலுக்கு வெள்ளை அடித்து, அதன்மேல் ஒரு சிறு பல்பு எரியும்படி வைத்திருப்பார்கள். பின்னால் வருகிறவனுக்கு ராத்திரி முழுக்க உலகம் என்பது அந்த வெள்ளை உருண்டை மட்டும்தான். அது வலப்பக்கம் நகர்ந்தால் நாமும் வலப்பக்கம். மேலே வானத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஓட்டுவதற்கு வருகிறேன். ஜிப்ஸியில் நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும் என்றால் கீழே இறங்கி, முன்சக்கரங்களின் நடுவில் உள்ள ஹப்பைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும், பிறகு உள்ளே வந்து லீவரைப் போட வேண்டும். பனியில் கையுறையோடு அந்த ஹப்பைத் திருகியவர்களுக்குத்தான் ஸ்டார்மின் அருமை புரியும். டாஷ்போர்டில் ஒரு குமிழ், திருப்பினால் ஆயிற்று. தாழ்ந்த கியருக்குப் போக மட்டும் வண்டியை நிறுத்திக் கிளட்சை மிதிக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங் வேறு. இருந்தாலும் உஸ்தாத் (எங்கள் பயிற்சியாளர்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) முதல் நாள் சொன்னதை நான் விடவில்லை. கட்டைவிரலை ஸ்டீயரிங் வளையத்துக்குள் மடிக்காதே, மேலேயே வை. முன்சக்கரம் ஒரு பாறையில் மோதினால் ஸ்டீயரிங் சடாரென்று சுழலும். உள்ளே விரல் இருந்தால் எலும்பு போய்விடும்.

லடாக்கின் கார்துங் லா கணவாயில் ஒரு பலகை இருந்தது, உயரம் 18,380 அடி என்று. அளந்து பார்த்தவர்கள் சொல்வது 17,582 அடி. பலகை முன்னால் நின்று படம் எடுப்பவர்களுக்கு அந்த எண்ணூறு அடி பெரிய விஷயமில்லை, எஞ்சினுக்கும் இல்லை. எப்படி இருந்தாலும் அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ஜிப்ஸியின் 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் டர்போ கிடையாது. இருக்கிற பலத்தில் கிட்டத்தட்டப் பாதியைப் போகிற வழியிலேயே இழந்துவிடும். ஸ்டார்மின் 2.2 லிட்டர் டர்போ டீசல் காற்றை அமுக்கி உள்ளே வாங்கிக்கொள்கிறது. அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போது கவலை இல்லை. கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்து, முழுச் சுமையோடு நின்று, மறுபடி கிளப்பும்போதுதான் சிக்கல். டர்போ சுழல ஆரம்பிக்கும் வரை அந்த எஞ்சினும் மூச்சுத் திணறும். கிளட்சைத் தேய்த்துக் கிளப்புகிறவர்கள் உண்டு. வாசனையே சொல்லிவிடும். தாழ்ந்த கியரில் போட்டு நிதானமாகக் கிளப்புவதுதான் முறை. ஏறுகிற வண்டிக்கே வழி என்ற மலைச்சாலை மரபைச் சுற்றுலா டிரைவர்கள் எல்லோரும் மதித்தால் இந்தப் பிரச்சினையில் பாதி இருக்காது.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். பெட்ரோல் ஜிப்ஸி சுமார் ஒரு டன், ஸ்டார்ம் அதைப்போல இரண்டு மடங்கு. வெயில் படாத வளைவுகளில் காலையில் தார்மேல் கண்ணாடிபோல் பனி உறைந்திருக்கும், கண்ணுக்கே தெரியாது. அங்கே பிரேக்கைத் தொட்டால் வண்டி தன் இஷ்டத்துக்குப் போகும். முதல் கியரில் எஞ்சினே பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். கோ-டிரைவர் இறங்கி முன்னால் நடப்பார். ஓடைகளை மதியத்துக்குள் கடந்துவிட வேண்டும், வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, காலையில் முழங்கால் அளவு இருந்த நீர் மாலையில் வண்டியை உருட்டும்.

குளிர்காலத்தில் டீசல்காரனுக்கு இன்னொரு வேலை. சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகுபோல் கட்டிக்கொள்ளும். எஞ்சின் ஆயில் சேம்பருக்கு அடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சூடேற்றிய காலம் உண்டு. ராத்திரி இடையிடையே எழுந்து எஞ்சினை ஓட்டி வைப்பதும் உண்டு. 2019 நவம்பரில்தான் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசல் லடாக்குக்கு வந்தது. பெட்ரோல் ஜிப்ஸியைப் பழைய ஆட்கள் விடாமல் புகழ்வதற்கு இந்தக் குளிரும் ஒரு காரணம்.

ஸ்டார்மின் நாலு கதவு விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு, சக டிரைவர்கள் பலர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். கான்வாஸ் ஜிப்ஸியில் பின்னால் இருப்பவர்கள் பின்கதவு வழியாகத்தான் ஒருவர்பின் ஒருவராக இறங்க வேண்டும். நாலு கதவு இருந்தால் நாலு பேர் ஒரே நேரத்தில் குதிக்கலாம். அது உயிர் காக்கும். ஆனால் அதே இரும்புக் கூரையும் ஏற்றிய கண்ணாடியும் உள்ளே இருப்பவனுக்கு வெளியே நடப்பதைக் கேட்கவிடாது. கான்வாஸைக் கழற்றிய ஜிப்ஸியில் நான்கு திசையையும் கண்ணும் காதும் துப்பாக்கியும் பார்த்துக்கொண்டே போகும். தவிர ஸ்டார்ம் ஜிப்ஸியைவிடக் கிட்டத்தட்ட ஒரு முழம் அகலம் அதிகம். குறுகின கிராமத்துத் தடத்தில் அந்த ஒரு முழம்தான் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும். ஜிப்ஸி மணலில் சிக்கினால் நாலு பேர் தோள் கொடுத்தால் வெளியே வரும், ஸ்டார்முக்கு இன்னொரு வண்டி வேண்டும். என் தீர்ப்பு இதுதான்: சாலை இருக்கும் வரை நாலு கதவு, சாலை முடிந்த பிறகு ஜிப்ஸி. ஜிப்ஸி வெள்ளாடு, வைத்த இடத்தில் குளம்பு பிடிக்கும். பொதுச் சந்தையில் ஜிப்ஸியை நிறுத்திய பிறகும் ராணுவம் விதிவிலக்கு வாங்கித் தனக்கென்று அதை வரவழைத்தது சும்மா இல்லை.

ராணுவ வண்டிகள் நீண்ட காலம் உழைப்பதற்கு இரும்பைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அங்கே எந்த வண்டியும் யாருக்கும் சொந்தமில்லை. இன்று நான், நாளை வேறொருவன். அதனால் காலையில் ஃபர்ஸ்ட் பரேட்: ஆயில், தண்ணீர், பெல்ட், டயர் காற்று, நட்டு. வழியில் நிற்கும்போது ஒரு பார்வை, திரும்பியதும் லாஸ்ட் பரேட். எவ்வளவு கிலோமீட்டர், எதற்காக, யார் கையெழுத்து என்று கார் டைரியில் ஏற வேண்டும். பத்தொன்பது வயதுப் பையன் தூக்கக் கலக்கத்தில் எடுத்தாலும் கிளம்ப வேண்டும் என்ற கணக்கில் பராமரிக்கப்படும் வண்டி அது. பத்து நிமிஷ வேலைதான். உங்கள் வீட்டுக் காருக்கும் செய்யலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

இப்போது நிறம். எங்கள் வேலூர்ப் பக்கம் ராணுவத்துக்கு ஆள் போகாத தெரு கிடையாது. ஆகவே பச்சையின்மேல் பிள்ளைகளுக்கு மோகம் அதிகம். புது எஸ்யுவி வாங்கிய கையோடு ஆலிவ் பச்சை அடித்து, நம்பர் பிளேட்டில் அம்புக்குறி போட்டுக்கொள்கிறார்கள். தம்பிகளா, 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி அந்த நிறத்தைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. அந்த மேல்நோக்கிய அம்பு, வண்டி எந்த ஆண்டு சேர்ந்தது என்று சொல்லும் இரண்டு இலக்கத்துக்கு முன்னால் வருவது, அதுவும் அலங்காரம் இல்லை. பெயிண்டுக்குச் செலவழிக்கும் பணத்தை டயருக்குச் செலவழியுங்கள். வாங்கும்போது தாழ்ந்த கியர் இருக்கிறதா, நான்கு சக்கரமும் இழுக்குமா என்று ஷோரூமில் கேளுங்கள். பெயரை நம்ப வேண்டாம். ஸ்டார்ம் 2019-ல் நின்றுபோனது.  2021-ல் அதே சஃபாரி என்ற பெயரோடு புதிதாகத் திரும்பி வந்த வண்டியில் இழுப்பது முன்சக்கரங்கள் இரண்டு மட்டும்தான்.