ஒன்றும் அழியாது, ஐயா!

"ஒண்டும் அழியாது ஐயா. ஒரு மணித்தியால வேலை" என்று சொல்லித்தான் அந்த இளைஞர் வேலையைத் தொடங்கினாராம். திருகோணமலை உட்துறைமுக வீதியிலிருந்து சற்றுத் தள்ளி, கச்சேரிக்கு வருவோருக்கு விண்ணப்பங்களும் மகஜர்களும் தட்டச்சுச் செய்து கொடுக்கும் சிறிய கடை அது. கடைக்காரர் எனக்கு நீண்டகாலப் பழக்கம். அவருடைய கணனிக்கு வயது பதினொன்று. அதற்கு முந்திய கணனியின் கோப்புகளும் அதற்குள் குடிபெயர்ந்திருந்தன. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அந்த அறிவித்தல் திரையில் மீண்டும் மீண்டும் எழுந்து மிரட்டவே, மனிதர் பயந்துபோய் விண்டோஸ் 11க்கு மாறத் தீர்மானித்தார். மாறினார். ஒரு மணித்தியாலம் அல்ல, ஒரு பகல் பிடித்தது. புதிய திரை அழகாக எழுந்தது. ‘டி’ டிரைவில் இருந்த பதினாறு ஆண்டுக் கடிதங்களில் ஒன்றுகூட எஞ்சவில்லை.

நான் அங்கே போன அன்று எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா காத்திருந்தார். காணாமற்போனோர் குறித்து விசாரிக்க 2013இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவுக்கு, தம் மகனைப் பற்றி எழுதிய கடிதத்தின் பிரதி அவருக்கு வேண்டும். தட்டச்சுச் செய்தது இக்கடையில்தான். வீட்டில் வைத்திருந்த பிரதி, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டது. "கொம்பியூட்டரில இருக்கும்தானே தம்பி?" என்று அவர் கேட்டபோது கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

இதை அந்த இளைஞரின் தவறென்று எழுதி முடித்துவிட்டால் என் வேலை சுலபம். ஆனால் நடந்தது என்னவென்று விசாரித்தால் அவ்வளவு சுலபமாக இல்லை. விண்டோஸ் 11க்கு மைக்ரோசொப்ட் விதித்த தகுதிகள் கடுமையானவை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். இன்டெல் செயலியானால் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது கூடாது. கடைக்காரரின் கணனிக்கு இவற்றுள் எதுவும் இல்லை. ஆகவே இளைஞர் சுற்றுவழி ஒன்றைப் பிடித்தார். பழைய வட்டு, பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்தது. புதிய முறைக்கு மாற்றுவதற்காக வட்டை முழுதாகத் துடைத்தார். ‘சி’யும் ‘டி’யும் இரண்டு வெவ்வேறு பெட்டிகள் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அவை ஒரே வட்டில் கீறப்பட்ட இரண்டு கோடுகள்தாம். கோட்டை அழித்தால் இரண்டும் போயிற்று. இத்தனைக்கும், வட்டை அழிக்காமலே அந்த மாற்றத்தைச் செய்யும் கருவி விண்டோஸ் 10உடனேயே வருகிறது. அது அவருக்குத் தெரியாது. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

என் கோபம் அவருடைய அறியாமை மீதல்ல. "ஒன்றும் அழியாது" என்ற அந்த வாக்கியத்தின் மீது. அதைச் சொல்வதற்கு ஒருவர் இருக்கிறார், நம்புவதற்கு ஒரு நாடே இருக்கிறது.

மைக்ரோசொப்ட்டுக்கே அந்த வாக்கியத்தைச் சொல்ல யோக்கியதை கிடையாது. 2018 ஒக்டோபரில் அது வெளியிட்ட விண்டோஸ் 10 மேம்படுத்தல், சில பயனாளர்களின் ஆவணக் கோப்புறைகளையே விழுங்கியது. சில நாட்களில் அதை இடைநிறுத்தி, பிழை திருத்தி, நவம்பரில் மறுபடி வெளியிட்டார்கள். உலகின் மிகப்பெரிய மென்பொருள் நிறுவனத்தின் கையில் நடந்தது இது. நம் ஊரில் இதற்கு மேலதிகமாக மின்வெட்டும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததே காரணமென்று அமைச்சர் சொன்னார். இயங்குதளம் பாதி மாறிக்கொண்டிருக்கும் வேளையில் எங்கோ ஒரு குரங்கு பாயலாம் என்பதைக் கணக்கில் எடுக்காதவர் இந்நாட்டில் கணனி வேலை செய்யத் தகுதியற்றவர்.

அரசாங்கம் என்ன செய்தது என்று பார்ப்போம். 2023 ஆகஸ்ட் 26ஆம் திகதியளவில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணனி வலையமைப்பு கப்பம் கோரும் தீநிரலால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. அமைப்பைப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் மீட்டுவிட்டார்களாம். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்துக்குரிய மின்னஞ்சல்களுக்குக் காப்புப் பிரதியே இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட அரச கடிதப் போக்குவரத்து போனது போனதுதான். இதைச் சொன்னது எதிர்க்கட்சி அல்ல. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் தானே ஒப்புக்கொண்டது. அஞ்சல் மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு என்றும், 2021இலிருந்து புதுப்பிக்க எண்ணியும் நிதி முதலிய காரணங்களால் தள்ளிப்போயிற்று என்றும் விளக்கம் தந்தார்கள். இனி நாள்தோறும் வலையமைப்புக்கு வெளியே பிரதி எடுக்கப் போவதாகவும் சொன்னார்கள். வீடு எரிந்தபின் வாளி வாங்கும் நிர்வாகம்.

இதிலிருந்து "பழையதை அப்படியே வைத்திருந்தால் பாதுகாப்பு" என்ற முடிவுக்கு வருவோர் இருக்கிறார்கள். அதுவும் தவறு. புதுப்பிக்காத மென்பொருள்தான் கள்வனுக்குக் கதவாயிற்று. மேம்படுத்தத்தான் வேண்டும். அதற்கு முந்திய நாள் பிரதி எடுக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலைக்கு நம் அலுவலகங்களில் பொறுப்பான ஆளும் இல்லை, ஒதுக்கிய பணமும் இல்லை. புதிய கணனிகள் கையளிக்கும் விழாவுக்கு மாலையும் மேடையும் உண்டு. வெளி வன்தட்டு ஒன்றுக்கு எவரும் நாடா வெட்டியதாக நான் செய்தி எழுதியதில்லை.

நிற்க. பிறரைத் திட்டுவது பத்திரிகையாளனுக்குக் கைவந்த கலை. நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

1981 ஜூன் முதலாம் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஆண்டுதோறும் அதை நினைவுகூர்கிறோம். நானும் பத்தி எழுதியிருக்கிறேன், ஒரு தடவையல்ல. அந்த நெருப்பில் நமக்கு வலித்ததற்கு ஒரு காரணம், அங்கிருந்தவற்றுள் பலவற்றுக்கு வேறெங்கும் இன்னொரு பிரதி இல்லை என்பது. அதைக் கண்ணீரோடு எழுதிய அதே கை, கட்டுரையை ஒரே ஒரு கணனியில், ஒரே ஒரு வட்டில் சேமித்துவிட்டு எழுந்து தேநீர் குடிக்கப் போயிற்று. நான் ஒரு காலத்தில் வேலைசெய்த வார இதழ் ஒன்றின் பக்கங்கள் யாவும் பேஜ்மேக்கரில் இருந்தன. அலுவலகம் இடம் மாறியபோது புதிய கணனிகள் வந்தன; பழையவை எடைக்குப் போயின. அந்த இதழின் தொகுப்பு இன்று என்னிடமும் இல்லை. யாரும் தீ வைக்கவில்லை. படையினர் எவரும் வரவில்லை. நாங்களே, சிரித்துக்கொண்டே, லொறியில் ஏற்றி அனுப்பினோம்.

பிரதி என்பதன் பெறுமதி இந்த ஊர்க்காரருக்குத் தெரியாததல்ல. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. ‘சுடர் ஒளி’யின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள், அவர்கள் அருகிலிருந்து சுடப்பட்டதைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி காலை அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் படங்கள் அதற்குள் பத்திரிகையில் வந்துவிட்டன. பல கைகளுக்குப் போய்விட்டன. அவை அவருடைய கமராவில் மட்டும் கிடந்திருந்தால் கைக்குண்டுக் கதையே வரலாறாகியிருக்கும். 2019 ஜூலையில் அந்த வழக்கில் சந்தேகநபர்கள் 13 பேரும் போதிய சாட்சியமில்லை என்று நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சியம் போதாத நாட்டில், இருக்கிற தாளையும் படத்தையும் கடிதத்தையும் ஒற்றைப் பிரதியாக வைத்திருப்பதை நான் அலட்சியம் என்று மட்டும் சொல்லமாட்டேன். அதற்குக் கடுமையான சொல் வேண்டும்.

"எல்லாம் கிளவுட்டில் இருக்கிறது அண்ணை" என்று ரொறன்ரோவிலிருந்து ஒரு நண்பர் தொலைபேசியில் சொன்னார். அவருக்கு இருக்கலாம். மைக்ரோசொப்ட் இலவசமாகத் தருவது 5 ஜி.பி. கடைக்காரரின் வருடித்த பிறப்புச் சான்றிதழ்களுக்கே அது காணாது. தவிரவும், கணனியோடு ஒத்திசைந்து இயங்கும் சேமிப்பு வேறு, காப்புப் பிரதி வேறு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். சில நாட்கள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், பிறகு அதுவும் இல்லை. கடவுச்சொல்லை மறந்தவருக்கு மேகமும் ஒன்றுதான், கடலும் ஒன்றுதான்.

இன்னொரு கூட்டம், "பழைய குப்பை எதற்கு?" என்று கேட்கும். அக்குப்பையின் இயல்பைப் பற்றி ஒரு சொல். யுனிகோட் பரவுவதற்கு முன் ஈழத்தில் நாம் தட்டச்சுச் செய்தவற்றுள் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் இருக்கிறது. இன்றும் பல கடைகளில் அதுவே ஓடுகிறது. ‘அம்மா’ என்ற சொல், பாமினி இல்லாத கணனியில் நான்கு ஆங்கில எழுத்துகளும் நடுவே ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். ஆகவே கோப்பை மட்டும் பிரதி எடுத்துவிட்டு எழுத்துருவை விட்டுவிட்டால், பெட்டியை எடுத்துக்கொண்டு திறப்பைக் கிணற்றில் போட்டதற்குச் சமம். புதிய இயங்குதளம் நிறுவும்போது எழுத்துருக்கள் இருக்கும் கோப்புறையும் சேர்ந்தே போகிறது. பேஜ்மேக்கர் இன்னும் மோசம். அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதே அடோபி நிறுவனத்தின் இன்டிசைன்கூட சி.எஸ்.6 வரையில்தான் அந்தக் கோப்புகளைத் திறந்தது, பின்வந்தவை கைவிட்டுவிட்டன. பழைய கணனியை மாற்றுமுன் அதிலேயே அந்தப் பக்கங்களைத் திறந்து பி.டி.எப். ஆக்கிவிடுவதுதான் கடைசி வாய்ப்பு. மாற்றிய பின் பிரதி இருந்தும் பயனில்லை.

இடமும் முக்கியம். மேசைக் கணனிக்குப் பக்கத்து லாச்சியில் வைத்த வெளி வன்தட்டு, 2004 டிசம்பர் 26 போல் இன்னொரு காலை வந்தால் கணனியோடு சேர்ந்தே போகும். கிண்ணியா வைத்தியசாலையைக் கடல் அடித்துப்போனது இந்த மாவட்டத்தில்தான். துறைமுகத்தை ஒட்டி வாழ்பவர்களுக்கு அலை வராத நாளிலும் உப்புக்காற்று உண்டு. கணனித் தகட்டின் செப்பு பச்சை பிடித்திருப்பதை எந்தத் திருத்துநரும் காட்டுவார். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்ற கணக்கைப் பரப்பியவர் பீற்றர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். கணனி விஞ்ஞானி அல்லர், படங்களை இழக்கப் பயந்த ஒரு மனிதர். எனக்கு அது மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

பணமில்லை என்ற பதிலையும் கேட்டுவிட்டேன். புதிய இயங்குதளத்துக்காகப் புதிய கணனியே வாங்க ஆயத்தமாகும் அலுவலகம், அதன் விலையில் ஒரு சிறு பங்குக்கு வன்தட்டு வாங்க மறுப்பது வறுமை அல்ல. ஊரில் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன, கோயில் பரிபாலன சபைகள் இருக்கின்றன, கடற்றொழிலாளர் சங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பழைய கணனி. அதற்குள் உறுப்பினர் பட்டியல், காணி விபரம், கணக்கு. கணக்கு மென்பொருள்கள் பல, தம் தரவை ‘ஆவணங்கள்’ கோப்புறையில் வைப்பதில்லை. அதனால் கவனமாகப் பிரதி எடுத்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். 2005இலிருந்து நூலகம் நிறுவனத்தினர் நம் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் ஏற்றிவருகிறார்கள். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அங்கே உண்டு. நான் வேலைசெய்த அந்த வார இதழின் பழைய பிரதிகள் எவரிடமாவது இருந்தால் தயவுசெய்து அவர்களுக்கு அனுப்புங்கள். எனக்கு வேண்டாம், என்னிடம் தந்து பார்த்தாயிற்று.

கடைக்காரரிடம் அன்றே கணனியை நிறுத்தச் சொன்னேன். துடைத்த வட்டிலும், மேலே புதிதாக எழுதப்படாத இடங்களில் பழைய கோப்புகள் தங்கியிருக்கும். பாவிக்கப் பாவிக்க அவை அழியும். அவர் ஏற்கெனவே இரண்டு கிழமை பாவித்திருந்தார். வட்டைக் கழற்றி, வேறொரு கணனியில் பூட்டி, மீட்பு மென்பொருளை ஓடவிட்டிருக்கிறோம். நேற்றிரவு வரை இருநூற்றுச் சொச்சம் கோப்புகள் வந்திருக்கின்றன. எதற்கும் பெயர் இல்லை, திகதி இல்லை; வெறும் இலக்கங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, பாமினிக்கு மாற்றி, முதல் வரியைப் படித்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் மின்கட்டண முறைப்பாடுகள், திருமண அழைப்பிதழ்கள், ஒரு முச்சக்கரவண்டிக் குத்தகை ஒப்பந்தம். அந்த அம்மா வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.