சோதனை விமானத்துக்கு மட்டும்தானா?

நட்பு நாடுகளின் ஆயுதங்களைச் சோதித்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம் என்கிறார்கள். சோதித்தது உண்மைதான் தோழர்களே. ஆறு வகைப் போர் விமானங்களை பெங்களூரு ஈரக்காற்றிலும் ஜெய்சால்மர் வெயிலிலும் லே குளிரிலும் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 2012இல் ரஃபேல் தேர்வானது. மொத்தம் 126, அதில் 108 நமது பொதுத்துறை நிறுவனமான எச்ஏஎல் தயாரிக்கும் என்பது திட்டம்.

2015இல் பாரிசில் பிரதமர் அறிவித்ததோ 36. அத்தனையும் பிரான்சிலிருந்தே பறந்து வரும்! இத்தனை சோதனைக்குப் பின் திட்டம் ஏன் மாறியது? என்ன விலை? 2019இல் நாடாளுமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கையிலேயே விலையை மறைத்தார்கள்.

உதவித்தொகை கேட்கும் மாணவரிடம் சாதிச் சான்று, வருமானச் சான்று என அத்தனை தாளும் கேட்கிற அரசு இது. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் தெரிந்த விலை, பணம் கட்டிய மக்களுக்கு மட்டும் ராணுவ ரகசியமா? கணக்கைக் கேட்போம்.