ஸ்டெப் தாத்தாவின் பிடில்



போன வாரம் என் பேரனோடு உட்கார்ந்து ஒரு பழைய பிடில் இசை கேட்டேன். தொடங்கியதுமே, "என்ன தாத்தா, அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே இரைச்சலா இருக்கு!" என்றான். உண்மைதான். அது 1937 அக்டோபரில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், சாலியர்ஸ்வில் என்ற சிற்றூரில் பதிவான இசைத்தட்டு. வாசித்தவர் வில்லியம் ஹாமில்டன் ஸ்டெப். அப்போது அவருக்கு 62 வயது. கிட்டத்தட்ட என் வயது!

நாட்டுப்புற இசையைத் தேடி, ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராக அலைந்தவர் ஆலன் லோமாக்ஸ் என்ற 22 வயது இளைஞர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக அவர்தான் இதைப் பதிவு செய்தார். மெட்டின் பெயர், 'போனபார்ட்டின் பின்வாங்கல்'. போனபார்ட் யார்? வரலாற்றுப் பாடத்தில் வருகிற நெப்போலியன்தான்! பொதுவாக இந்த மெட்டை, படை நடப்பது போல நிதானமாக வாசிப்பார்கள். ஸ்டெப் தாத்தாவோ குதிரை ஓடுவது போல வாசித்துத் தள்ளிவிட்டார்.

பிடில் என்றால் நம் கச்சேரிகளில் பார்க்கிற அதே வயலின்தான். நம் வித்வான்கள் தரையில் அமர்ந்து, அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பார்கள். அந்த ஊர்ப் பிடில்காரர்கள் பலர் மார்பில் அணைத்து வாசிப்பார்கள். இந்த மெட்டுக்கென்றே தடித்த கம்பியின் சுருதியை இறக்கி வைத்துக்கொள்வதும் உண்டு. அதனால், தம்புரா மாதிரி ஒரு ரீங்காரம் கூடவே வரும். "இரைச்சலை விடு, அதைக் கேள்" என்றேன். மெட்டு சின்னதுதான், திரும்பத் திரும்ப வரும். அதற்காகப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். வில் எங்கே அழுத்துகிறது, எங்கே துள்ளுகிறது என்று கவனியுங்கள்.

பிறகு நடந்ததுதான் முக்கியம். ரூத் கிராஃபோர்டு சீகர் என்ற அம்மையார், அந்தத் தட்டைக் கேட்டுக் கேட்டு ஸ்வரக் குறிப்பாக எழுதினார். 1941-ல் அது புத்தகத்தில் வந்தது. ஆரன் கோப்லண்ட் என்ற பெரிய இசையமைப்பாளர் அதை எடுத்து, 1942-ல் தன் 'ரோடியோ' நாட்டிய இசையில் சேர்த்தார். ஏறக்குறைய அப்படியே! அது உலகப் புகழ் பெற்றது. தொலைக்காட்சி விளம்பரத்தில்கூட ஒலித்தது. ஸ்டெப் 1957-ல் காலமானார். அந்த இசையை ரசித்தவர்களில் அவர் பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

"அப்போ இது காப்பி அடிச்சதுதானே? நீங்க மார்க் குறைப்பீங்களே!" என்றான் பேரன்.

பொல்லாத கேள்வி! கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னேன். மெட்டை எடுத்தது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். ஸ்டெப்பும் அதைப் புதிதாக உண்டாக்கவில்லை. அவருக்கு முன்பே பலர் வாசித்த மெட்டு அது. ஆனால் அந்த வேகமும் துள்ளலும் அவர் கொடுத்தவை. அதை ரசிக்கிற நாமாவது அவர் பெயரைச் சொல்ல வேண்டாமா? காலத்துக்கும் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அந்த நூலகம் இதைச் சேர்த்ததே 2016-ல்தான். அவர் வாசித்து ஏறக்குறைய 80 ஆண்டுகள் கழித்து!

அதனால் என் கட்சி இதுதான்: பெரிய வாத்தியக் குழு வாசிப்பதை அப்புறம் கேளுங்கள். கரகரக்கும் தட்டை முதலில் கேளுங்கள். இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன. வீட்டில் பெரியவர்களைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

என் பேரன் இரண்டையும் கேட்டான். "வாத்தியக் குழுதான் ஜோரா இருக்கு" என்றான். சரி, அது அவன் ரசனை என்று விட்டுவிட்டேன். மறுநாள் மாலை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்தான்.

"தாத்தா, அந்த ஸ்டெப் தாத்தா வாசிச்சதை இன்னொரு தடவை போடுங்க."

அப்பளம் மறுபடி பொரிந்தது.