பழசு என்பது ஒரு நோயின் பெயரா?

போன மாதம் ஒரு காலையில் என் லேப்டாப் எழுந்திருக்கவில்லை. விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, கம்பெனிப் பெயரும் வந்தது. அதற்குமேல் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே வரி. தொடங்குவதற்கு எந்த டிஸ்க்கும் இல்லையாம்.

இது அரசு கொடுத்த இலவச லேப்டாப். 2011-ல் தொடங்கிய திட்டத்தில், பிளஸ் டூ படித்த என் இளைய மகளுக்குக் கிடைத்தது. அந்த லேப்டாப்களில் விண்டோஸ் 7-உடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கலாம். மகள் வேலைக்குப் போனதும் என் கைக்கு வந்தது. ஆறு வருடமாக நான் எழுதியதெல்லாம் அதில்தான். என் மனைவி இருந்தவரை எடுத்த படங்களும் அதில்தான். நகல் எடுத்து வைக்காதது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

வத்திராயிருப்பிலிருந்து கிருஷ்ணன்கோவில் வழியாக பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கடைத் தம்பி பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை.

"ஐயா, இது ரொம்பப் பழசு. போர்டு போயிருக்கும். புதுசு வாங்கிருங்க. இதை எடைக்குத்தான் போடணும்."

போயிருக்கும்! அந்த 'இருக்கும்' என்ற சொல்லோடுதான் என் சண்டை.

நான் பொதுப்பணித்துறையில் பிளவக்கல் அணையில் பல வருடம் வேலை பார்த்தவன். பெரியாறு, கோவிலாறு என்று அங்கே இரண்டு அணைகள். ஷட்டர் ஏறவில்லை என்றால் 'அணை பழசு' என்று எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. கண்மாயில் தண்ணீருக்குக் காத்திருப்பவன் சும்மா விடமாட்டான். கிரீஸ் காய்ந்திருக்கிறதா, கட்டை சிக்கியிருக்கிறதா, திருகுத் தண்டு வளைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். சின்னதை முதலில், பெரியதைக் கடைசியில்.

வீட்டுக்கு வந்து அப்படியே பார்த்தேன். போர்டு சுத்தமாகப் போயிருந்தால் கம்பெனிப் பெயரே வந்திருக்காதே? தொடங்கும்போது எஃப் 2 பட்டனை அமுக்கி, உள்ளே இருக்கும் பயாஸ் பக்கத்துக்குப் போனேன். அங்கே தேதி 2012 ஜனவரி 1 என்று நின்றது. திருடன் அகப்பட்டுவிட்டான். தேதியையும், எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்க வேண்டும் என்ற விவரத்தையும் மறக்காமல் வைத்திருப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன பேட்டரி. சிஆர் 2032, மூன்று வோல்ட், எட்டணா அளவுதான். அது தீர்ந்தால் லேப்டாப்புக்கு ஞாபகம் போய்விடும். டிஸ்க் நன்றாகவே இருக்கும், ஆனால் அங்கே போக வேண்டும் என்று தெரியாது. பேட்டரியை மாற்றி, தேதியையும் தொடங்கும் வரிசையையும் சரிசெய்தேன். ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை. மனைவியின் படங்கள் பழையபடி திறந்தன.

உங்கள் வீட்டிலும் பழைய லேப்டாப் இருக்கும். விளக்கே எரியவில்லை என்றால் முதலில் வேறு சார்ஜரில் பாருங்கள். பிறகு சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை முப்பது விநாடி அமுக்கிப் பிடித்து, திரும்ப மாட்டுங்கள். விளக்கு எரிந்தும் திரை இருட்டாக இருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் போனது திரையின் விளக்கு. அதுவும் இல்லையென்றால் ராம் அட்டையைக் கழற்றி, பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்து மாட்டச் சொல்லுங்கள். ஆனால் டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். உள்ளே இருப்பதை எடுப்பதுதான் அப்போது முதல் வேலை.

அந்தத் தம்பியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "அரை மணி நேரம் பிரிச்சுப் பார்த்து, சரியாகலைன்னா யாரும் காசு தரமாட்டாங்க ஐயா" என்றார். அதில் நியாயம் இருக்கிறது. கைப்பழுது பார்ப்பவருக்கு நூறு ரூபாய் கொடுக்க மூக்கால் அழுகிறோம். புதிதாக வாங்க முப்பதாயிரத்தைத் தவணையில் கட்டுகிறோம். குற்றத்தில் பாதி நம்முடையது.

மீதிப் பாதி பெரிய இடத்தில் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறார்கள். அது இல்லாத நல்ல லேப்டாப்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'பழசு' ஆகிவிட்டன. அவற்றிலும் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று எத்தனை கடையில் சொல்கிறார்கள்? பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளமே தொடங்கியது. அந்த உரிமை கடை மேஜைவரை வந்து சேரவில்லை.

என் கோரிக்கை இரண்டுதான். சோதித்துப் பார்த்த கூலியைச் சரியானாலும் ஆகாவிட்டாலும் நாம் கொடுக்க வேண்டும். எதைச் சோதித்தேன், எது போயிருக்கிறது என்று கடைக்காரர் ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும். நிஜமாகவே செத்துவிட்டது என்றால் ஏற்றுக்கொள்வோம். ஆனால் நாடி பிடித்துப் பார்க்காமல் சங்கு ஊதக் கூடாது. லேப்டாப்புக்கு மட்டும் நான் இதைச் சொல்லவில்லை என்பது என் வயதுக்காரர்களுக்குப் புரியும்.