பார்த்துக்கொண்டிருப்பது இரக்கமாகாது



 சபையாரின் வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது அண்மைக்காலமாக ஒரே விண்ணப்பத்தை மீண்டும் மீண்டும் கேட்கிறேன். "ஐயா, ராத்திரியில் தூக்கம் வரவில்லை, ஜெபம்பண்ணுங்கள்" என்கிறார்கள். விசாரித்தால் கடன் இல்லை, வியாதி இல்லை. காஸா, உக்ரைன், எங்கோ ஒரு வெள்ளம், எங்கோ ஒரு குழந்தைக்கு நேர்ந்த கொடுமை. விளக்கை அணைத்த பிறகும் கைபேசியின் வெளிச்சத்தில் அவற்றையே பார்த்துக் கிடந்திருக்கிறார்கள். சில நாட்கள் அதை விலக்கி வையுங்கள் என்றால் பதில் ஆயத்தமாக இருக்கிறது: "அது சுயநலம் ஆகாதா? அழுகிறவர்களோடு நாமும் அழவேண்டாமா?"

இந்தப் பதிலோடுதான் எனக்கு வழக்கு. இது பக்தியின் உடையை அணிந்து வருவதால் இதை ஒருவரும் கேள்வி கேட்பதில்லை.

லூக்கா 10-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எரிகோவுக்குப் போகும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனை ஆசாரியன் கண்டான், லேவியனும் கண்டான், சமாரியனும் கண்டான். கிரேக்க மூலத்தில் மூவருக்கும் ஒரே வினைச்சொல்லையே லூக்கா பயன்படுத்துகிறார். ஆகவே, காண்பதில் மூவருக்குள்ளும் வேறுபாடில்லை. சமாரியன் கிட்ட வந்தான், காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரக்காரனுக்குப் பணம் கொடுத்தான். மற்ற இருவரும் அவனை உற்றுநோக்கி வருந்திவிட்டு விலகிப் போனார்களோ என்னவோ, வேதம் அதைக் குறித்துவைக்கவில்லை. பத்து நாடுகளின் துயரத்தைப் பார்த்து முடித்த களைப்பில், அடுத்த தெருவில் விதவையாகிப் போன சகோதரியின் வீட்டுக்குப் போக நமக்குத் திராணியில்லாமற் போகிறதே, அதற்கு இரக்கம் என்று பெயர் வைப்பது எப்படி?

2013 ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டத்தின்போது குண்டுகள் வெடித்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதையொட்டி மக்களின் மனநிலையை ஆராய்ந்து மறு ஆண்டு வெளியிட்டார்கள். குண்டு வெடித்ததற்கு அடுத்த வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளில் மூழ்கியிருந்தவர்கள், சம்பவ இடத்திலோ அதன் அருகிலோ இருந்தவர்களைக் காட்டிலும் கடுமையான மன உளைச்சலைத் தெரிவித்தார்கள். முன்னமே கலங்கிய மனதுடையவர்கள்தான் அதிகம் பார்த்திருப்பார்கள் என்று நீங்கள் வாதிடலாம். அப்படியே இருக்கட்டும். அத்தகையவர்கள் திரையை விட்டு விலகுவதற்கு அது இன்னும் வலுவான காரணமல்லவா? கட்டடம் ஒருமுறைதான் இடிகிறது. நாமோ ஒரே நாளில் அதை நாற்பது முறை இடிய வைத்துப் பார்க்கிறோம். ஒவ்வொரு முறையும் நெஞ்சு புதிதாகப் படபடக்கிறது. இருபத்துநான்கு மணி நேரத்தையும் எதையாவது காட்டி நிரப்பியே ஆகவேண்டிய தொலைக்காட்சிக்கும், நீங்கள் நின்று பார்க்கும் ஒவ்வொரு நிமிடத்தையும் காசாக்கும் செயலிக்கும் உங்கள் கலக்கம் ஒரு சரக்கு.

அப்படியானால் ஒன்றையும் அறியாமல் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா? வேண்டாம். 2023 மே மாதம் மணிப்பூரில் தேவாலயங்கள் எரிந்தபோது அதை அறிந்திராவிட்டால் நாம் எவ்வாறு ஜெபித்திருப்போம்? நெகேமியாவைப் பாருங்கள். சூசான் அரமனையில் இருந்த அவர், யூதாவிலிருந்து வந்த ஆனானியிடம் தாமாகவே எருசலேமின் நிலையை விசாரித்தார். கேட்டார், உட்கார்ந்து அழுதார், உபவாசித்தார். கிஸ்லேவு மாதத்தில் கேட்ட அந்த ஒரே செய்தியைச் சுமந்து நிசான் மாதம் வரை காத்திருந்து ராஜாவிடம் பேசினார். பின்பு புறப்பட்டுப் போய் அலங்கத்தைக் கட்டினார். ஒரு நகரம், ஒரு செய்தி, ஏறக்குறைய நான்கு மாத ஜெபம். அதே நெகேமியாவுக்கு 6-ஆம் அதிகாரத்தில் சன்பல்லாத்து ஐந்தாம் முறையாக ஆள் அனுப்புகிறான். கையில் முத்திரையிடாத கடிதம், உள்ளே ஊரெல்லாம் பேசிக்கொள்வதாக ஒரு வதந்தி. நம் காலத்து "ஃபார்வர்ட்" செய்திக்கு அதைவிடப் பொருத்தமான முன்னோடியை நான் கண்டதில்லை. நெகேமியா வேலையை விட்டு இறங்கவில்லை.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கே பூமி அதிர்ந்தாலும் அன்று மாலைக்குள் அதைக் கடைசிக்கால அடையாளமாக்கிக் காணொளி போடும் ஊழியர்கள் பெருகியிருக்கிறார்கள். 1844 அக்டோபர் 22 என்று வில்லியம் மில்லரின் சீடர்கள் நாள் குறித்தார்கள். 2011 மே 21 என்று ஹெரால்டு கேம்பிங் குறித்தார். அந்த நாட்கள் வந்தன, போயின. யுத்தங்களின் செய்தியைக் கேட்கும்போது கலங்காதிருக்கும்படி ஆண்டவர் சொன்ன அதே அதிகாரத்தை எடுத்து மக்களைக் கலங்கடிப்பதை என்னவென்று சொல்வது! சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தியைக் குறித்து இயேசு பேசியபோது, மாண்டவர்களைப் பாவிகளாக்க அவர் இடங்கொடுக்கவில்லை. கேட்டவர்களின் பார்வையை அவர்கள் பக்கமே திருப்பினார்.

தூக்கமற்றிருப்பவரிடம் "உங்களுக்கு விசுவாசம் குறைவு" என்று சொல்லுகிற மூப்பர்களே, சற்று பொறுங்கள். யேசபேலின் மிரட்டலைக் கேட்டு ஓடி, சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்ட எலியாவைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் கொடுத்தான். பிரசங்கம் எதுவும் அங்கே நடக்கவில்லை. மருத்துவரிடம் போவதும் மாத்திரை உட்கொள்வதும் அவிசுவாசமென்று போதிக்கிறவர்கள், பவுலோடு பயணம்பண்ணின லூக்கா வைத்தியர் என்பதை மறந்துவிடுகிறார்கள். கலக்கமும் தூக்கமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் தாமதியாமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416. எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். தனியாக மருத்துவமனைக்குப் போகத் தயங்கினால் என்னை அழையுங்கள், உடன் வருகிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு எளிய ஒழுங்கு. கொரோனா பரவத் தொடங்கிய 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே செய்திகளை நாளுக்கு ஓரிரு முறை, குறித்த நேரத்தில் மட்டும் அறிந்துகொள்ளும்படி ஆலோசனை சொன்னது. கொள்ளைநோய்க்கே அது போதுமானால் மற்றவைக்கும் போதும். காலை வேத வாசிப்புக்கு முன் வேண்டாம். இரவு ஜெபத்துக்குப் பின் வேண்டாம். கைபேசி படுக்கையறைக்கு வெளியே தூங்கட்டும். வளைகுடாவில் பிள்ளை இருக்கும் தாய்மாருக்கு இதைச் சொல்வது எளிதல்ல என்று அறிவேன். அம்மா, தொலைக்காட்சியைக் கேட்காமல் பிள்ளையையே அழைத்துக் கேளுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வரும்போது, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த ஒரே ஒரு செய்தியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அசீரிய ராஜாவின் கடிதத்தை எசேக்கியா ஆலயத்தில் விரித்து வைத்ததுபோல நாமும் அவற்றைப் பீடத்தின் முன் விரித்து வைப்போம். அதன்பின் ஒவ்வொரு தாளையும் கையில் எடுத்து, இதில் நம் கைக்கு எட்டுவது என்ன, நிவாரணக் காணிக்கையா, ஒரு கடிதமா, ஒரு வீட்டுச் சந்திப்பா என்று பேசி முடிவு செய்வோம். கைபேசிகளை வைக்க வாசலில் ஒரு கூடை இருக்கும்.