கூடாரம் எங்கே போடுவது?

தமிழ்நாட்டில் மலையேற இன்று முறையான வழி இருக்கிறது. மலையில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கத்தான் வழி அரிது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்துவிட்டது. இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பாதை எளிதா கடினமா என்பது முன்பே தெரிந்துவிடும். கூட வருபவர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவராக இருப்பார். நல்ல திட்டம். ஆனால் அதில் உள்ளவை பெரும்பாலும் காலையில் ஏறிப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடும் நடைகள். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வார இறுதியில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் இளைஞர்களில் பலர் தேடுவது நடையை மட்டும் இல்லை. கூடாரம், குளிர், நெருப்பு, விடியற்காலை மூடுபனி. அதை விற்பதற்குத் தனியார் வரிசையில் நிற்கிறார்கள். அரசு வனத்தின் ஓரத்தில் தானே சில இரவு முகாம்களை நடத்த வேண்டும். மற்ற கூடாரங்களுக்கான உரிமத்தை நிலம் யாருடையது என்று பார்த்துக் கொடுக்காமல், காடு எவ்வளவு தூரம் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும்.

மலைக்கிராமங்களில் இன்று கூடாரம் போடப்படும் இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் சிக்கல் புரியும். காப்புக்காட்டை ஒட்டிய பட்டா நிலம். ஒருகாலத்தில் காப்பியோ ஏலமோ இருந்த சரிவு. மரங்களைக் கழித்துப் படிப்படியாகத் தளம் கட்டி, பத்துப் பதினைந்து பாலியெஸ்டர் கூடாரங்களை நெருக்கி நட்டிருப்பார்கள். நடுவில் கேம்ப் ஃபயர். ஓரத்தில் பார்பிக்யூ அடுப்பு. தின்று போட்ட எலும்பும் சோளக்கட்டையும் சரிவில் உருண்டு கிடக்கும். அந்த வாசனைக்குப் பன்றி வரும், கரடி வரும். பக்கத்துத் தோட்டத்துப் பலாவுக்கு யானை வரும். கழிப்பறை இருந்தால் ஒன்றிரண்டு, ஓடைக்கு மேலே. இந்த இடத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் வராது. காப்புக்காட்டுக் கல்லுக்கு அந்தப் பக்கம் வனத்துறை. இந்தப் பக்கம் நிலம் வருவாய்த்துறைக் கணக்கில். கட்டடம் என்றால் ஊராட்சி. கூடாரம் கட்டடமா? சுருட்டி எடுத்துப் போய்விடலாமே! எல்லைக்கல்லைப் படிக்கத் தெரியாத யானை இந்தக் கேள்விகளுக்கு நடுவே நடந்து வருகிறது.

2021 ஜனவரி மாதம் ஒன்றே இதற்குப் போதிய சான்று. வயநாட்டின் மேப்பாடி அருகே, காட்டோரத்து விடுதி ஒன்றின் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண்ணை இரவில் யானை கொன்றது. அந்தக் கூடாரங்களுக்கு முறையான உரிமம் இருக்கவில்லை என்று உள்ளூர் நிர்வாகம் பிறகு சொன்னது. அதற்குச் சற்று முன்பு நீலகிரியின் மசினகுடிப் பக்கம் விடுதி ஒன்றை நெருங்கிய யானைமீது எரியும் பொருளை வீசினார்கள். காதில் தீயோடு அது ஓடும் காணொளியை நாடே பார்த்தது. அந்த யானையும் செத்தது. ஒரே மாதத்தில் ஓரிடத்தில் மனித உயிர், இன்னோரிடத்தில் யானையின் உயிர். இரண்டு இடத்திலும் மனிதர்கள் காட்டுக்குள் அத்துமீறி நுழையவில்லை. காட்டின் வாசலில் படுத்திருந்தார்கள். சீகூர் யானை வழித்தடத்தில் விடுதிகளை அகற்றும் உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பட்டா கையில் இருக்கிறது என்பதால் யானையின் பாதையில் என்ன வேண்டுமானாலும் நடத்தலாம் என்பது இல்லை என்று 2020 அக்டோபரில் வந்த அந்தத் தீர்ப்பே சொல்லிவிட்டது. அந்த நியாயம் கான்கிரீட் அறைக்குப் பொருந்தினால் துணிக் கூடாரத்துக்கும் பொருந்தத்தான் வேண்டும்.

தேனி மாவட்டத்துக் குரங்கணியை மறந்துவிட்டுப் பேச முடியாது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கொழுக்குமலைக்கு ஏறித் தங்கிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த குழு காட்டுத்தீயில் சிக்கியது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெண்களே அதிகம். அனுமதியில்லாத பாதையில் போனார்கள் என்பது அரசுத் தரப்பு உடனே சொன்ன பதில். அது உண்மையாகவே இருக்கட்டும். மார்ச் மாதத்தில் அந்தச் சரிவுகளில் ஆளுயரப் புல் காய்ந்து நிற்கும். சமதரையை விடச் சரிவில் தீ மேல்நோக்கி வேகமாக ஏறும். கீழே எரியும் தழலின் சூடு மேலே நிற்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்திக்கொண்டே போகும். மேல்நோக்கி ஓடுகிறவன் தீயோடு பந்தயம் ஓடுகிறான். எரிந்து முடிந்த கருந்தரையோ புல் முளைக்காத பாறையோ எங்கே இருக்கிறது என்று அறிந்த ஆளும், கீழே இத்தனை பேர் மலையில் இருக்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான் அந்த நேரத்தில் உதவும். அனுமதி என்ற சொல்லுக்கு அர்த்தமே இந்த இரண்டும்தான். குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. தீக்காலத்தில் பாதைகளை மூடும் வழக்கமும் வந்தது. 2025 பிப்ரவரி நடுவில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ பாதைகள் இரண்டு மாதத்துக்கு மூடப்பட்டன. சரியான முடிவு. ஆனால் அதே வாரங்களில் மலையோரத் தனியார் கூடாரங்களுக்கு நடுவே விறகு எரிவதைத் தடுக்க என்ன இருக்கிறது?

இரவு முகாமை ஒழுங்காக நடத்த முடியுமா என்ற சந்தேகத்துக்குத் தேனி மாவட்டத்தின் எல்லையைத் தாண்டினால் விடை கிடைக்கும். குமுளியை ஒட்டிய பெரியாறு புலிகள் காப்பகத்தில், ஒருகாலத்தில் மரப்பட்டை உரித்துக் கடத்தியவர்களே இன்று வழிகாட்டிகள். சிறு குழுவாகப் பயணிகளை அழைத்துப்போய், ஆயுதம் ஏந்திய வனக்காவலர் துணையோடு, காட்டில் கூடாரம் போட்டுச் சமைத்துத் தங்கவைத்துத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். பறம்பிக்குளத்தில் பழங்குடி மக்களைக் கொண்ட குழுக்கள் வனத்துறையோடு சேர்ந்து கூடாரத் தங்கலை நடத்துகின்றன. கேரளத்துக்குச் சொந்தமான அந்தக் காட்டுக்குச் சாலை போவதோ நம்முடைய சேத்துமடை, டாப்சிலிப் வழியாக! அகத்தியர் மலைக்கும் அப்படித்தான்: ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள், நாளுக்கு இத்தனை பேர் என்ற கணக்கில், போனக்காட்டிலிருந்து ஏறி அதிருமலை முகாமில் படுத்து மறுநாள் உச்சிக்குப் போய்வர கேரள வனத்துறை வழி வைத்திருக்கிறது. மூன்றிலும் பொதுவாக இருப்பது மூன்று விஷயம்: ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு, காட்டை அறிந்த உள்ளூர் ஆள், இரவில் பதில் சொல்ல வேண்டிய ஒரு துறை.

காட்டோரத்தில் இரவில் மனிதன் இருப்பதே விலங்குக்குத் தொல்லை, ஆகவே முகாமே கூடாது என்பது சூழலியலாளர்கள் வைக்கும் வாதம். அதில் பாதி சரி. புலிகள் காப்பகத்தின் உள்வட்டத்திலோ யானை வழித்தடத்திலோ ஒரு கூடாரமும் வேண்டாம். ஆனால் வனத்துறையிடம் பழைய ஓய்வு விடுதிகள் பல இருக்கின்றன. சாலையும் தண்ணீரும் ஏற்கெனவே வந்துவிட்ட அவற்றின் முற்றத்தில் அகழி வெட்டி, விறகு நெருப்பை விலக்கி, எட்டுப் பத்துக் கூடாரம் போடுவதால் புதிதாக ஒரு மரமும் போகாது. மேலும், இரவில் யாரும் காட்டில் இருக்கக்கூடாது என்று நாம் உண்மையிலேயே நம்புகிறோமா? பிப்ரவரி முதல் மே வரை, தீக்காலம் என்று மற்ற பாதைகளை மூடும் அதே பருவத்தில், வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளிலும் பக்தர்கள் இரவிலேயே கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். பக்தியைத் தடுக்கச் சொல்லவில்லை. தடை என்பது யாருக்கு, எங்கே என்று நாம் வசதிப்படி முடிவு செய்கிறோம் என்பதைத்தான் சொல்கிறேன்.

மலையேற்றக் கட்டணம் அதிகம் என்ற குறை இப்போதே எழுந்திருக்கிறது. இரவுத் தங்கலும் சேர்ந்தால் கல்லூரி மாணவனுக்கு எட்டாது என்பார்கள். நியாயமான கவலை. மாணவர்களுக்குத் தனிக் கட்டணம் வைக்கலாம். வழிகாட்டியின் கூலியில் மட்டும் கை வைக்கக் கூடாது. பட்டா நிலத்தில் கூடாரம் போட்டுப் பிழைக்கும் சிறு விவசாயியின் கேள்வி இதைவிடக் கனமானது. மிளகு விலை கைவிட்ட வருடம் அவருக்குச் சோறு போட்டது அந்தக் கூடாரங்கள்தான். காட்டை ஒட்டாத நிலம் என்றால் அவருக்கு உரிமம் மறுக்கக் காரணமே இல்லை. ஒட்டிய நிலம் என்றால் வனத்துறையின் முகாமில் உணவு, சுமை, வழிகாட்டல் போன்ற வேலைகளில் அவருக்கும் பங்கு வேண்டும். கடினமான கேள்வி பழங்குடிகளுடையது. தேன் எடுக்கவும் கிழங்கு தோண்டவும் போனவர்களை விரட்டிய காட்டுக்குள், பணம் கட்டியவர் வந்து படுத்துறங்கலாமா என்று அவர்கள் கேட்டால் அதற்கு மழுப்பலான பதில் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் காட்டைக் காக்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறது. முகாம் எந்த மேட்டில் அமைய வேண்டும், எந்த மாதம் மூட வேண்டும், வருமானத்தில் ஊருக்கு எவ்வளவு என்பதை அந்தச் சபை கூடி எழுதித் தந்த பிறகுதான் முதல் கூடாரத்துக்கு முளை அடிக்க வேண்டும். வேண்டாம் என்று சபை எழுதித் தந்தால், அந்த மலையில் முகாம் கிடையாது.